ஃபாஸ்ட்டுக்குப் பிடித்த வார்த்தை

டப்பிங் ஸ்டுடியோவில் படம் ஓடத் தொடங்கிய பிறகுதான் தான் எழுதியதில் இருந்த தப்பு அவளுக்குத் தெரிந்தது. அது ஒரு கப்பல் படம். ஆங்கில வசனத்தை மட்டும் கையில் கொடுத்து, படத்தைக் கண்ணிலேயே காட்டாமல் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். கேப்டன் "மேக் ஃபாஸ்ட்" என்கிற இடத்தில் அவள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று எழுதியிருந்தாள். திரையிலோ மாலுமிகள் ஆடி அசைந்து கயிற்றை இரும்புக் கட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

கேப்டனுக்குக் குரல் கொடுக்க வந்தவர் அவளுடைய சித்தப்பா. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்.

"ஏம்மா, இவங்களப் பார்த்து நான் சீக்கிரம்னு சொன்னா, ஆமை ரேஸுக்கு வர்ணனை பண்ற மாதிரி இருக்குமே" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் ஸ்பீக்கரில் பேசினான். "அக்கா, அடுத்த சீனும் அப்படித்தான். சாப்பாடு தீர்ந்து எல்லாரும் சுருண்டு கிடக்காங்க. அங்க வர்ற 'ஃபாஸ்ட்'டுக்கும் நீங்க 'கரை வர்ற வரைக்கும் வேகம்'னு எழுதியிருக்கீங்க. எழுந்து நிக்கவே தெம்பில்ல, பாவம்."

மாலைக்குள் முடித்துத் தர வேண்டும். அவள் போனில் அகராதியைத் திறந்து 'ஃபாஸ்ட்' என்று தேடினாள். எல்லோருக்கும் தெரிந்த பொடி வார்த்தைதானே என்று பார்த்தால், கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. வேகம். பட்டினி. சாயம் போகாதது. அசையாதது. படிக்கப் படிக்க அவள் குரல் ஏறியது.

"சித்தப்பா, இதுக்கு ஆதி அர்த்தமே உறுதியா, அசையாம இருக்கறதுதானாம். ஓடறவனை விடாம நெருக்கித் துரத்துறதுல இருந்து வேகம் வந்திருக்கும்போல. வாயைக் கட்டி விடாம உறுதியா இருக்கறதுல இருந்து பட்டினி. நிக்கிறதும் அதே சொல், ஓடறதும் அதே சொல்."

"அதெல்லாம் சரி. கேப்டன் உதட்டை மூடித் திறக்கறான் பாரு, அதுக்குப் பொருந்தற சொல் எனக்கு வேணும். இல்லேன்னா மைக்கை விட்டுட்டு ஓட்டம் பிடிக்க வேண்டியதுதான்."

அவள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என்ன சொன்னீங்க?"

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேம்மா. கோவிச்சுக்காத."

"இல்ல சித்தப்பா. ஓட்டம் பிடிக்கறதுன்னீங்களே. ஓடறதுக்கு எதைப் பிடிக்கிறோம்?"

பதில் வருவதற்குள் அவள் கை எழுத ஆரம்பித்திருந்தது. கயிற்றைப் பிடி. ஓட்டம் பிடி. நோன்பு பிடி. அந்த ஆங்கிலச் சொல் போன வழியிலேயே இந்தத் தமிழ்ச் சொல்லும் நடந்திருந்தது. போதாக்குறைக்கு, உதட்டை மூடித்தான் தொடங்குகிறது.

சந்தோஷம் தாங்காமல் கணவனுக்குப் போன் போட்டாள். "ஒரு விஷயம் கேளுங்களேன்" என்று ஆரம்பிப்பதற்குள் அவன், "இரு, பஸ்ஸுல இடம் பிடிச்சிட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான். அவள் சிரித்த சிரிப்பில் இன்ஜினியர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டான்.

பதிவு மளமளவென்று நடந்தது. "பிடிச்சுக் கட்டு" என்று சித்தப்பா சொன்னது கேப்டனின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. கப்பலில் ஏறிய கொள்ளைக்காரர்கள் வேகமாக ஓடுகிற காட்சியில் ஓட்டம் பிடித்தார்கள். பசியில் கிடந்தவர்களிடம் கேப்டன், "கரை வர்ற வரைக்கும் நோன்பு பிடிப்போம்" என்றார். அந்த இடத்தில் சித்தப்பாவின் குரல் லேசாக உடைந்தது. யாரும் அதைத் திருத்தச் சொல்லவில்லை.

ஒரே ஒரு இடம் மட்டும் மசியவில்லை. அசையாமல் தூங்கும் சமையல்காரனைப் பற்றிக் கேப்டன் சொல்கிற "ஃபாஸ்ட் அஸ்லீப்".

"தூக்கம் பிடிச்சிருச்சுன்னு வைக்கலாமா அக்கா?" என்றான் இன்ஜினியர்.

"அது இப்பத்தான் கண்ணசந்தவனுக்குடா. இவன் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்" என்றார் சித்தப்பா.

அவளும் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறான்" என்றே எழுதினாள். நல்லவேளை, அங்கே கேப்டன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மாலையில் தயாரிப்பாளர் வந்து முழுப் படத்தையும் பார்த்தார். பிறகு, "கேப்டன் நம்ம ஆள் மாதிரியே பேசறாரே" என்றார். "அடுத்த படம் எப்ப ஆரம்பிக்கலாம்?"

"எப்ப வேணாலும் சார்" என்றாள். "இந்தத் தடவை படத்தையும் சேர்த்துக் குடுங்க."