குச்சி மடித்த பொட்டலம்

குண்டும் குச்சியும் சேர்ந்து வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆஸ்பத்திரியே சிரித்தது. ஒருத்தி அகலம், ஒருத்தி நீளம். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த நாளிலிருந்து இந்தப் பெயர்கள்தான். இப்போது இருவருக்கும் நாற்பத்தாறு வயது. குச்சி அங்கே கம்பவுண்டர். மருந்து கலந்து, பொடி இடித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பவள். குண்டு சலவைப் பிரிவில் இருக்கிறாள். இரண்டு வருடம் முன்புவரை அவள் இருந்த இடம் வேறு.

அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்து அறையில், கத்தி கத்தரிக்கோல்களை ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் இயந்திரத்தைப் பதினொரு வருடம் கட்டி மேய்த்தவள் குண்டு. அவள் கட்டி அனுப்பிய தட்டு என்றால் பெரிய டாக்டர்கள் மறுபேச்சுப் பேசாமல் பிரிப்பார்கள். அந்தப் பிரிவுக்கே தலைவியாகப் போகிற நேரத்தில்தான் மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போனது. இயந்திரம் ஓடி முடிவதற்குள் கதவைத் திறந்து கருவிகளை எடுத்துக் கொடுத்துவிட்டாள், ஒரு நோயாளிக்குப் புண் சீழ் வைத்தது அதனால்தான் என்று கம்ப்யூட்டரில் அடித்து யாரோ அனுப்பியிருந்தார்கள். விசாரணை வைத்தார்கள். எதுவும் நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் குண்டுவை அழுக்குப் போர்வைகளோடு மல்லுக்கட்ட அனுப்பிவிட்டார்கள். காலியான இடத்துக்கு வந்தது குச்சியின் அண்ணி. "பாவம், புதுசு. கொஞ்சம் சொல்லிக் குடுடி" என்று குச்சி கேட்க, குண்டுவே பக்கத்தில் நின்று வேலை கற்றுக்கொடுத்தாள். அவ்வளவு அப்பாவி.

விசாரணையில் தந்த நகலை அவள் கைப்பையிலேயே வைத்திருந்தாள். வேண்டாத நேரத்திலெல்லாம் எடுத்துப் பார்ப்பாள், பல்லைக் கடிப்பாள். வார்டுபாயைச் சந்தேகப்பட்டாள், இரண்டு நர்ஸ்களைச் சந்தேகப்பட்டாள், ஒரு டாக்டரைக்கூடச் சந்தேகப்பட்டாள். "எழுதினது யாருன்னு மட்டும் தெரியட்டும், நடுத்தெருவுல நிக்க வெக்கறேன்" என்று அவள் கறுவும்போதெல்லாம் குச்சி, "விடுடி, உடம்பைக் கெடுத்துக்காத" என்பாள். இந்தப் பயணமே குச்சியின் யோசனைதான். நாலு புது முகத்தைப் பார்த்தால் மனது மாறும் என்றாள். மலிவான விமானம், மலிவான அறை, ஐந்து நாள்.

அறை மலிவு என்றால் அப்படி ஒரு மலிவு. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு கட்டில், கட்டிலில் இடித்துக்கொண்டு ஒரு கைகழுவும் தொட்டி. குளியலறை வராந்தாவின் கோடியில். அதற்கு மூன்று அறைக்காரர்கள் துண்டும் கையுமாக வரிசை. காலையில் ரொட்டியும் வாழைப்பழமும், மதியம் இலவசமாக உள்ளே விடுகிற இடங்கள், சாயங்காலம் கெட்டிலில் வேகவைத்த முட்டை. பேச்சு வார்த்தையெல்லாம் குண்டுவின் பொறுப்பு. டாக்டர்களோடு பழகிய இங்கிலீஷ் அவளுக்கு இருந்தது. குச்சிக்குப் படிக்கத் தெரியும், பேச வராது. அதிலும் சீருடை போட்டவர்களைக் கண்டால் சொந்த மொழியே வராது.

இரண்டாம் நாள் குண்டுவுக்கு வயிறு பிடித்துக்கொண்டது. குச்சி தன் டப்பாவிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். ஊரிலேயே இடித்து மடித்துக் கொண்டுவந்த வயிற்றுப் பொடி.

"ரெண்டு மடக்குத் தண்ணியில போட்டுக் குடி. நான் போய் குளிச்சிட்டு வந்துடறேன்."

வழக்கமாக நுனியைக் கிழித்து வாயில் கொட்டிக்கொள்கிறவள் குண்டு. வெள்ளை விரிப்பில் சிந்தினால் விடுதிக்காரி கத்துவாளே என்று அன்றைக்குத்தான் பொட்டலத்தை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். பொடியைக் குடித்துவிட்டுக் காகிதத்தை நீவினாள். நீளவாக்கில் இரண்டு கோடு, நடுவில் இல்லாமல் ஓரமாக. குறுக்கே இரண்டு கோடு, வலப்பக்கம் நீளம், இடப்பக்கம் குட்டை. மற்ற கம்பவுண்டர்களுக்கு இது நேர்மாறாக விழும். குச்சி இடதுகைக்காரி.

இதே கோடுகளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தவளுக்கு, தலைக்குள் யாரோ விளக்கைப் போட்டார்கள். கைப்பையிலிருந்து நகலை எடுத்தாள். நகல் இயந்திரத்தின் அழுக்கு என்று இரண்டு வருடமாக அவள் நினைத்திருந்த சாம்பல் கோடுகள் எழுத்துகளுக்கு ஊடே ஓடின. நீளவாக்கில் இரண்டு, ஓரமாக. குறுக்கே இரண்டு, வலப்பக்கம் நீளம். குச்சி தன் பெயரை மறைத்தாள், கையெழுத்தை மறைத்தாள், கடைசியில் காகிதத்தைப் பொடி மடிக்கிற மாதிரி மடித்து உறையில் போட்டிருக்கிறாள் படுபாவி. பழகின கை, வேறெப்படி மடிக்கும்?

குண்டு அழவில்லை. அண்ணி நினைவுக்கு வந்தாள், தான் கற்றுக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. கூடவே இருந்து குழி பறித்திருக்கிறாள். குச்சி தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்து, "வலி குறைஞ்சுதா?" என்று கேட்டபோது, "ம், குறைஞ்சுது" என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் குண்டு பழிவாங்கும் வேலையை ஒழுங்காகச் செய்தாள். பஸ் ஓடிக்கொண்டிருக்க, இன்றைக்கு ஓடாது என்று சொல்லிப் புதுச் செருப்போடு குச்சியை ஊர் முழுக்க நடக்க வைத்தாள். குதிகாலில் கொப்புளம் வந்ததைப் பார்த்துத் திருப்தியாக ரொட்டி தின்றாள். முதல் ஆளாகக் குளிக்கப் போய் வெந்நீரைத் தீர்த்தாள். குச்சிக்கு இந்தப் பயணத்தில் ஒரே ஓர் ஆசை: கம்பியில் தொங்கும் பெட்டியில் மலைமேல் போய்ப் பனியைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். குண்டு அதற்குச் சீட்டுக் கொடுக்கிற அலுவலக வாசல்வரை கூட்டிப்போனாள். உள்ளே போய் ஒரு நிமிடம் சும்மா நின்றுவிட்டு வந்து, "ரிப்பேராம், ஒரு வாரம் ஆகுமாம்" என்றாள். அவர்கள் தலைக்கு மேலேயே ஒரு பெட்டி ஆடிக்கொண்டு போனது.

"அதோ போகுதே?"

"அது சோதனைக்கு விடறாங்க."

குச்சி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். "போகட்டும் விடு. உன்கூட வந்தேனே, அது போதும்" என்றாள்.

அந்த வார்த்தைதான் குண்டுவுக்குக் கொதிப்பைக் கூட்டியது. செய்வதையும் செய்துவிட்டு என்ன தேன் ஒழுகுகிற பேச்சு! கொப்புளமும் பச்சைத்தண்ணீரும் இவளுக்குப் போதாது என்று தோன்றியது.

போதுமான ஒன்று ஐந்தாம் நாள் காலை விமான நிலையத்தில் தானாக வந்து வாய்த்தது. பைகளைச் சோதிக்கிற இடத்தில் ஓர் அதிகாரியம்மாள் குச்சியின் டப்பாவைத் திறந்தாள். பேர் இல்லை, சீட்டு இல்லை. காகிதத்தில் மடித்த பதின்மூன்று பொட்டலம். ஒன்றைப் பிரித்தாள். வெள்ளைப் பொடி. முகம் மாறிவிட்டது. இங்கிலீஷில் இது என்ன என்று குச்சியைக் கேட்டாள். குச்சிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குண்டுவைப் பார்த்தாள்.

"அவள் மொழி எனக்குத் தெரியும், கேட்டுச் சொல்கிறேன்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுக் குண்டு திரும்பினாள்.

"என்னடி கேக்கறாங்க?"

"அது அப்புறம். முதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. அந்த மொட்டைக் கடிதாசியை எழுதினது நீதானே?"

எந்தக் கடிதாசி என்று குச்சி கேட்கவில்லை. "இங்க வெச்சா கேக்கற?"

"இங்கதான். நீ சொன்னாதான் நான் அவங்ககிட்ட வாயைத் திறப்பேன்."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பயந்துபோயிருக்கிறாள், ஒரு நிமிடம் என்றாள் குண்டு.

"நான்தான்" என்றாள் குச்சி.

"உங்க அண்ணிக்கு வேலை வாங்கித் தர என் அடிமடியிலயே கைய வெச்சியேடி!"

"அண்ணிக்காக எழுதலடி. அவ வந்தது அப்புறம்." குச்சிக்குக் கண்ணீர் கொட்டியது. "அன்னைக்கு உனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. பாதியில கதவைத் திறந்து எடுத்துக் குடுத்துட்ட. வெளிய வந்து, ஒரு தடவைதானே, ஒண்ணும் ஆகாதுன்னு என்கிட்டதான் சொன்ன. ஆபரேஷன் ஆன அந்தப் பொண்ணு ரெண்டு மாசம் புண்ணோட கிடந்தா. தினம் அவளுக்கு மருந்து குடுத்தனுப்பினது நான். இன்னொருத்திக்கும் அப்படி ஆயிடுமோன்னு பயம். உன் மூஞ்சிக்கு நேரா சொன்னா நீ பேச்சை விட்டுடுவியோன்னு அதுவும் பயம். அதான் பேரைப் போடாம எழுதிட்டேன். தப்புதான்."

இவ்வளவு நேரம் கதை சொல்கிற நானும் சொல்லவில்லை, இரண்டு வருடத்தில் குண்டுவும் ஒருதரம்கூடச் சொன்னதில்லை, அந்தக் கடிதாசியில் இருந்தது பொய் என்று. எழுதினது யார் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொல்லியிருந்தால் நாலு அறை விட்டு, கட்டிப்பிடித்து அழுது, தீர்த்துவிடலாம். உண்மையைச் சொன்னவளை என்ன செய்வது? குண்டுவுக்குக் காது இரண்டும் சுட்டது. இவ்வளவு ஆத்திரம் அவளுக்கு அதுவரை வந்ததே இல்லை.

"என்ன சொல்கிறார்? இது என்ன பொடி?" என்று கேட்டாள் அதிகாரி.

"எனக்குத் தெரியாது" என்றாள் குண்டு, நல்ல இங்கிலீஷில். "சொல்ல மாட்டேன் என்கிறாள். எனக்கும் அவளோடு அவ்வளவு பழக்கம் இல்லை."

அதிகாரி இன்னொருவனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். டப்பாவை ஒரு பைக்குள் போட்டு மூடினாள்.

"சொல்லிட்டியா, வயித்து மருந்துன்னு?" என்றாள் குச்சி.

"சொல்லிட்டேன்."

"அப்புறம் எதுக்கு உள்ள கூப்பிடறாங்க?"

"சும்மா, ஒரு கையெழுத்து வாங்கிட்டு விட்டுடுவாங்க."

குச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கக்கூடச் செய்தாள். "சொன்னதும்தான்டி நெஞ்சு பாரம் இறங்குச்சு. ஊருக்குப் போய் எவ்வளவு வேணும்னாலும் திட்டு. நீ போய் வரிசையில நில்லு, தோ வந்துடறேன். ஜன்னலோரம் நீ உக்காந்துக்கோ."

கொப்புளம் வந்த காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள். கதவு மூடிக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் பொடியைச் சோதித்து, வெறும் செரிமான மருந்து என்று தெரிந்து விட்டுவிடுவார்கள். அது குண்டுவுக்குத் தெரியும். ஆனால் விமானம் போயிருக்கும். இந்த டிக்கெட்டை வேறு நாளுக்கு மாற்றவும் முடியாது. தண்ணீர் எங்கே என்று கேட்கக்கூட வாய் வராத ஊரில் குச்சி தனியாக நிற்பாள். அதுவும் தெரியும். தெரிந்துதான் நடந்தாள். கடைசி அழைப்பு கேட்டது. வாசலில் நின்ற பெண், உங்களோடு வந்தவர் எங்கே என்று விசாரித்தாள்.

"வரல" என்றாள், தமிழிலேயே.

ஜன்னலோரம் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள். ஜெயித்த மாதிரிதான் இருந்தது. எப்படி மடக்கினேன், முகம் எப்படிச் செத்துப்போனது, என்ன பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் யாரிடமாவது கொட்ட வேண்டும் என்று நாக்கு துடித்தது. விமானம் நகர்ந்தது. குண்டு பக்கத்தில் குச்சியின் காலி இருக்கைப் பக்கம் திரும்பினாள். ஒரு காரியத்தைச் செய்துவிட்டுச் சொல்லாமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. இயந்திரத்தைப் பாதியில் திறந்த அன்றைக்கும் வெளியே வந்ததும் முதலில் குச்சியிடம்தான் சொன்னாள்.