தலை எந்தப் பக்கம்?

பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு, பூமிக்கு நானூறு கிலோமீட்டர் மேலே சுற்றும் நிலையத்தில் உருக்கி உறையவைத்த விரல் நீள உலோகத் தண்டு ஒன்று ஆய்வகத்தின் வெட்டு அறைக்கு வந்து சேர்ந்தது.

அலுமினியமும் ஈயமும் கலந்த தண்டு அது. தரையில் எவ்வளவு கலக்கினாலும் ஈயம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். எடையற்ற இடத்தில் உட்காராது என்று சொல்லி, உலோகவியல்காரி ஆறு வருடம் அலைந்து வாங்கிய வாய்ப்பு இந்த ஒரே தண்டு. அடுத்தது எப்போது மேலே போகும் என்று யாருக்கும் தெரியாது.

வெட்டுபவரை எல்லோரும் 'ரம்பம்' என்றே கூப்பிடுவார்கள். வேலையாலும் பேச்சாலும் அவர் சம்பாதித்த பெயர். தண்டை இடுக்கியில் பொருத்தி, கால் பங்கில் கோடு கிழித்திருந்தார்.

"எதுக்கு இந்தக் கோடு?" என்றாள் பக்கத்தில் நின்ற உலோகவியல்காரி.

"தலையை வெட்டணும்ல அக்கா? கசடு எப்பவும் மேலதானே மிதக்கும். முப்பது வருஷமா வெட்டி எறியிறேன்."

"இதுல தலை எந்தப் பக்கம்?"

ரம்பம் குனிந்து, இடுக்கியில் இருந்த தண்டின் இரு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சீட்டு ஒட்டியிருக்கிற பக்கம்தான் தலை," என்றபடி இயக்குநர் உள்ளே வந்தார். "மூணு மணிக்கு ஆய்வகத்தைப் பார்வையிட ஆளுங்க வராங்க. பாலிஷ் போட்டுக் காட்டணும். வெட்டுங்க."

"சார், அங்க மேலும் கிடையாது, கீழும் கிடையாது. இதுல கால் பங்கை எறிஞ்சா, ஈயமெல்லாம் அந்தத் துண்டுலதான் இருந்துச்சுன்னு நாளைக்கு எவனும் சொல்லலாம். என்ன பதில் சொல்லுவீங்க?"

"எல்லாத் தண்டுக்கும் இதே முறைதாம்மா."

அவள் இடுக்கியைத் தளர்த்தித் தண்டை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"குடுங்க."

"மாட்டேன்."

"இது உத்தரவு."

"எழுதிக் குடுங்க. எது தலை, ஏன் தலைன்னு காரணத்தோட கையெழுத்துப் போடுங்க. நானே வெட்டுறேன்."

இயக்குநர் பேனாவைத் திறந்தார். ரம்பம் இயந்திரத்தின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, தனக்குச் சம்பந்தமில்லாததுபோல் கை துடைத்தார்.

"உங்க மேல நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்," என்றார் இயக்குநர், எதுவும் எழுதாமல் பேனாவை மூடியபடி.

"எடுங்க சார். தண்டு முழுசா இருக்கட்டும்."

அவள் தண்டோடு படியிறங்கி, வெட்டாமலே உள்ளே படமெடுக்கும் ஊடுகதிர் அறைக்குப் போனாள். வருகிறவர்களுக்குக் காட்ட, தரையிலேயே உருக்கிய பழைய தண்டு ஒன்றுக்குப் பாலிஷ் போட்டார்கள்.

நாலரை மணிக்குப் படம் வந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஈயம் ஏறக்குறைய ஒரே அளவில் பரவியிருந்தது. நடுவில் மட்டும் இரண்டு சதவீதம் குறைவு. அதையும் அவள் அறிக்கையில் எழுதினாள்.

வியாழக்கிழமை அவளைக் குழுவிலிருந்து நீக்கும் கடிதம் வந்தது. அறிக்கை தண்டின் முழு நீளத்துக்கான அளவுகளுடன் ஏப்ரலில் வெளியானது.