காலைக் காற்றுக்கு நாங்கள் போட்ட மார்க்

பாய்ப்பலகை ஓட்ட இங்கே எந்தக் கடற்கரை நல்லது என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்லிவிட மாட்டேன். எத்தனை மணிக்குப் போகப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். அந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகத் தேவைப்பட்டது, செல்லங்களா. அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்வேன். கூடவே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடவும் தோன்றும்.

பாய்ப்பலகை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆள் நீளத்துக்கு மேல் ஒரு பலகை, அதன் நடுவில் பாய்மரம், பாய், நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு. ஏறி நின்று கம்பை இரண்டு கையாலும் பிடித்துக் காற்றை வாங்கினால் தண்ணீர் மேல் பறக்கலாம். இளசுகள் விண்ட்சர்ஃபிங் என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அதுதான் உயிர். வாரம் ஆறு நாள் லிஃப்ட் பழுது பார்ப்பார், ஏழாம் நாள் கடலில் கிடப்பார்.

ஒரு நாள் லிஃப்டின் கம்பிவடம் அவருடைய இடது கையை உருளைக்குள் இழுத்துவிட்டது. டாக்டர் தைத்தார், எலும்பு சேர்ந்தது. "கை சரியாயிடுச்சு. இனி பிடிச்சுப் பழகினாத்தான் பலம் வரும்" என்று அனுப்பிவைத்தார். இவரோ அந்தக் கையை நம்பவில்லை. தம்ளரைக்கூட வலது கையால்தான் எடுப்பார். எட்டு மாதம் நாற்காலியே கதி. பேச்சு என்றால் "ம்", "வேணாம்", அவ்வளவுதான். பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தி, மேலே ஒரு போர்வையைப் போட்டுவிட்டார். அதைப் பார்க்கப் பார்க்க, வீட்டுக்குள் யாரோ கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்திருப்பது போல இருக்கும்.

அவரைக் கடலுக்குத் திருப்பி அனுப்பாமல் விடுவதில்லை என்று நானும் என் கொழுந்தனும் முடிவு செய்தோம். கொழுந்தனுக்குப் பேக்கரியில் வேலை. ரொட்டியெல்லாம் அடுப்பிலிருந்து இறங்கியதும் ஆறரைக்கு வெளியே வருவார். எனக்குத் தையற்கடை ஒன்பது மணிக்கு. நடுவில் கிடைத்த நேரத்தில், ஒரு வாரம், எங்கள் ஊரின் மூன்று கடற்கரைகளையும் அலசினோம். எனக்கு நீச்சல் தெரியாது. கொழுந்தனுக்குக் கடலே ஆகாது. பரீட்சை எழுதாதவர்கள் இரண்டு பேர் பேப்பர் திருத்தக் கிளம்பிய கதைதான்.

துணி காயப்போடும் கழியின் நுனியில் பட்டுத் துணி ஒன்றைத் தைத்து எடுத்துப் போவேன். துணி ஆடுவதைப் பார்த்துக் காற்றுக்கு மார்க். அதே கழியை ஊன்றித் தண்ணீருக்குள் நடந்து ஆழத்துக்கு மார்க். கொழுந்தன் புருவமெல்லாம் மாவோடு கரையில் நின்று நோட்டில் எழுதுவார்.

"அண்ணி, கலங்கரை விளக்கப் பக்கம் ஒரே அலை. இறங்கினா மூஞ்சியிலயே அறையுது. ரெண்டு மார்க் போடவா?"

"ரெண்டே ஜாஸ்தி தம்பி."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருப்பதில் காலடியெல்லாம் பாறை. நாலு மார்க். மாவு மில் கடற்கரைதான் எங்களை மயக்கிவிட்டது. தண்ணீர் இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது. காற்று முதுகில் இதமாகத் தள்ளியது. முப்பது அடி எடுத்து வைத்தும் இடுப்பளவுதான். "பத்துக்குப் பத்து!" என்று கொழுந்தன் அடிக்கோடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை என் வீட்டுக்காரர் முன்னால் விரித்து வைத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். எழுந்து போய்ப் பலகை மேலிருந்த போர்வையை எடுத்தார்.

எட்டு மணிக்கு மாவு மில் கரையில் பலகையில் ஏறினார். கம்பைப் பிடித்தார். பலகை வழுக்கிக்கொண்டு போனது. நாங்கள் இருவரும் கைதட்டினோம். தட்டிக்கொண்டே இருந்தோம். பாய் கையகலம் ஆனபோதுதான் எனக்கு உறைத்தது.

"தம்பி, திரும்ப வேணாமா அவரு?"

பாய் சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. தூக்கினார், விழுந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி விழுந்தது. பிறகு தூக்கவில்லை.

கொழுந்தன் செருப்பை உதறிவிட்டுக் கலங்கரை விளக்கப் பக்கம் ஓடினார். அங்கே மோட்டார் படகு விடும் அம்மா ஒருத்தி உண்டு. கொழுந்தனை அங்கேயே கரையில் விட்டுவிட்டு, கால் மணி நேரத்தில் படகோடு வந்துவிட்டாள். நீச்சல் தெரியாத நான் எப்படி அதில் ஏறினேன் என்று எனக்கே தெரியாது. லைஃப் ஜாக்கெட்டை என் தலை வழியாக மாட்டியபடியே அந்த அம்மா திட்டினாள்.

"காலையில காத்து கரையிலேருந்து கடலுக்குப் போகும்மா. தண்ணி அழகாத்தான் இருக்கும். போறது சுலபம், வர்றதுதான் பாடு. யாரு பார்த்துச் சொன்னது இந்த இடத்தை?"

"நாங்கதான்... மார்க் போட்டு..."

"நல்லாப் போட்டீங்க!"

தூரத்தில் ஒரு சிவப்பு மிதவை தெரிந்தது. அவர் கையால் துழாவித் துழாவி அதுவரை போய், பலகையை அதில் கட்டிவிட்டு, காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி!

"ஏறுங்க!" என்று கத்தினேன்.

"எதுக்கு?"

"எதுக்கா? உங்களுக்குக் கொழுப்பா?"

"பத்து பத்தரைக்குக் காத்து திரும்பும். கடல்லேருந்து கரைக்கு அடிக்கும். நானே வந்துடறேன். நீ போ."

எட்டு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது.

படகுக்காரம்மா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டு, கயிற்றை மிதவையில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் படகுச் சவாரிக்குக் கூட்டம் வரும் நாள். "இருக்கட்டும், நானும் உட்கார்றேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்ன கொடுத்தாலும் தகும்.

ஒன்றரை மணி நேரம் மூன்று பேரும் ஆடிக்கொண்டே பேசினோம். லிஃப்டில் மாட்டிக்கொண்டு அழுத மேனேஜர் கதையை அவர் சொன்னார். படகுக்காரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "உங்க வீட்டுக்காரரு வாயே மூட மாட்டாரா?" என்று என்னைக் கேட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தலையாட்டினேன்.

"ஏங்க, உங்களுக்குத் தெரியாதா, காலையில இந்தக் காத்துன்னு?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"பின்னே?"

"ரெண்டு பேரும் நோட்டை நீட்டிக்கிட்டு நின்னீங்க. உன் புடவையெல்லாம் உப்பு. அவன் தூங்காம வந்திருக்கான். வேணாம்னு சொல்ல வாய் வரலை. கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பிடலாம்னு நெனச்சேன். கை விட்டுடுச்சு."

நான் கழுத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டேன்.

பத்தேகாலுக்குக் காற்று நின்றது. தண்ணீர் அசையவே இல்லை. பிறகு என் கன்னத்தில், கடல் பக்கத்துக் கன்னத்தில், ஈரமாக ஏதோ பட்டது. அவர் அதற்கு முன்பே எழுந்து நின்றிருந்தார். கயிற்றை அவிழ்த்தார். பாயை இழுத்தார். பாதி எழும்பி விழுந்தது. என் வாய் வரை வந்த "வேணாங்க"வைப் படகுக்காரம்மா முழங்கையால் இடித்து உள்ளே தள்ளினாள்.

இரண்டாம் தடவை இடது கையை மேலே மாற்றிப் பிடித்து இழுத்தார். பாய் எழுந்தது, நின்றது, காற்றை வாங்கியது.

நாங்கள் எஞ்சினைப் போட்டு அவருக்கு ஓரமாகவே வந்தோம். காற்று அவரைக் கலங்கரை விளக்கப் பக்கம் தள்ளியது. நாங்கள் இரண்டு மார்க் போட்ட அதே இடம்தான். விழுந்தவர்களையும் விழாதவர்களையும் அலை கரையில்தான் கொண்டு வந்து போடும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கொழுந்தன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கடல் ஆகாத மனுஷன், இரண்டு கையையும் விரித்து அண்ணனைத் தாங்கப் பார்த்தார். அலை இரண்டு பேரையும் சேர்த்துப் புரட்டி மணலில் போட்டது.

"கம்பை விடுங்கண்ணா, வந்துட்டோம்."

"விட முடியலடா."

நான் படகிலிருந்து இறங்கி ஓடிப்போய் மண்டியிட்டேன். வலது கை எப்போதோ விட்டிருந்தது. இடது கைதான் கம்பை இறுக்கிப் பிடித்திருந்தது, விரல்களெல்லாம் வெளுத்துப்போய். முதலில் சுண்டுவிரலைப் பிரித்தேன். கெட்டியாக இருந்தது. அடுத்த விரல் அதைவிடக் கெட்டி.

"மெதுவா" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. "அவசரமில்ல."