பினாங்குக்கு இரண்டு மணி நேரம்

மலேசியாவில் பினாங்கில் வேலை பார்க்கும் மகன் தோகாப், நான்கு கிறிஸ்துமஸாக இந்தோனேசியாவில் இருக்கும் சொந்த ஊரான மேடான் பக்கம் தலைகாட்டவில்லை. இந்த வருடமாவது அவனைக் கையோடு இழுத்து வந்துவிடுவது என்று லம்ரியா முடிவு கட்டியிருந்தாள். பினாங்கில் உடம்பைப் பரிசோதித்துக்கொள்ள வருகிறேன் என்று அவனிடம் சொன்னது வெறும் சாக்கு. அந்தச் சாக்கை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்; இருமல் வந்தாலே பினாங்கு டாக்டரிடம் ஓடுகிற ஊர் மேடான்.

வருடா வருடம் அவன் சொல்லும் காரணம் ஒன்றுதான். ரொம்ப தூரம், விமானத்திலேயே இரண்டு மணி நேரம், கிடைக்கிற ஒரு நாள் லீவில் எப்படி வருவது என்பான். பாவம் பிள்ளை என்று அவளும் நம்பினாள். டிக்கெட்டும் அதையே சொன்னது: புறப்பாடு பத்து பத்து, சேர்வது பன்னிரண்டு ஐந்து.

ஆகவே இரண்டு மணி நேரத்துக்குத் தோதாகவே தயாரானாள். காலுறை, மப்ளர், கொறிக்க வறுத்த கடலை, ஒரு ஜெபப் புத்தகம். ஏறி உட்கார்ந்து, காலுறையை மாட்டி, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் விமானம் தலையைக் கவிழ்த்தது. ஏதோ கோளாறு என்று பயந்துபோனாள். ஜெபப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடவுளைச் சத்தமாகவே கூப்பிட்டாள். பக்கத்து இருக்கைக்காரர் மெல்ல விளக்கினார்: ஊர் வந்துவிட்டது, இங்கே கடிகாரம் நம் ஊரைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது, அவ்வளவுதான்.

லம்ரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐம்பத்தைந்து நிமிடம். பாராபட்டில் இருக்கும் தங்கையைப் பார்க்க மாதாமாதம் நான்கு மணி நேரம் பேருந்தில் குலுங்கிப் போகிறவள் அவள். பயம் போய்க் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் அழுகையும் இருந்தது. தூரம் காரணமில்லை என்றால், பிள்ளைக்குத் தன்னையே வேண்டாமோ?

விமான நிலைய வாசலில் தோகாப் பையை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

“இங்கேருந்து பன்னெண்டரைக்கு ஏறினா மேடான்ல எத்தனை மணிக்குடா இறங்குவே?”

அவன் தலையைச் சொறிந்தான். “பன்னெண்டு இருபத்தஞ்சுக்கும்மா.”

“ஏறுறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துடலாம். இதுக்கா நாலு வருஷமா தூரம் தூரம்னு கதை அளந்தே?”

அவன் உள்ளதைச் சொல்லிவிட்டான். பெரிய சமையல்காரனாகித்தான் திரும்புவேன் என்று ஊரெல்லாம் சவடால் விட்டுக் கிளம்பியவன், இன்னும் அதே ஓட்டலில் மீன் செதில்தான் உரித்துக்கொண்டிருக்கிறான். கிறிஸ்துமஸ் விருந்தில் மாமன், சித்தப்பன் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்து, என்ன ஆனாய் என்று கேட்குமே, எந்த முகத்தோடு பதில் சொல்வது?

லம்ரியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெறுப்பில்லை, வெறும் வெட்கம்தான். அந்தச் சந்தோஷத்தில் அவன் முதுகில் பலமாக ஒரு அடி போட்டாள்.

“கேக்கத்தான் செய்வாங்க. பத்து நிமிஷம் கேப்பாங்க, அப்புறம் பசிக்கும், சாப்பிட உக்காந்துடுவாங்க. நான்தான் நாலு வருஷமா உன் தட்டையும் எடுத்து வச்சிட்டு, அப்படியே திருப்பி அடுக்குறேன்.”

தோகாப் அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டான். மூன்று நாள் லீவு கேட்க ஆரம்பித்தவன், அம்மா முறைத்ததும் பத்து நாளாக்கினான்.