அசன் மைதீனுக்கு ஒரு சட்டை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் சிறுகதைத் தொகுப்புக்கு அட்டைப்படம் வரைவதற்காகப் பதிப்பகத்தார் ஓர் இளைஞனை அனுப்பியிருந்தார்கள். பெயர் அய்மன். பேட்டைக்காரன். ஓவியக் கல்லூரிப் படிப்பை முடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தொகுப்பின் தலைப்புக் கதையில் ஒரு முதியவர் வருகிறார், அவர் முகத்தையே அட்டையில் போடலாமே என்று சொன்னேன். அவன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தான். முகம் வரைவதில்லை என்றான். மார்க்க விஷயமா என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

"மொதல்ல அதுதான் அண்ணாச்சி. இப்பம் வேற," என்றான்.

அன்று அட்டைப்படத்தைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. அவன் சொன்னதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, எழுதுங்கள், ஆனால் எங்கள் உம்மாவைக் கெட்டவளாக எழுதிவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னான். அவன் போனதும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்:

தாமிரபரணி அன்று கலங்கலாக ஓடிக்கொண்டி—

விட்டுவிட்டேன். இந்த ஊரில் எழுதுகிற யாருக்கும் ஆற்றில் காலை நனைக்காமல் கதைக்குள் இறங்கத் தெரியாது. இந்தக் கதையில் எதுவும் ஆற்றங்கரையில் நடக்கவில்லை. தண்ணீர் என்று பார்த்தால் ஒரு வாளி தண்ணீர்தான்.

பக்கவாதம் வந்த தகப்பனைக் குளிப்பாட்டுகிற மகன் எவனும்—

இதையும் விட்டேன். 'எவனும்' என்று தொடங்கினால் அது பிரசங்கம். நடந்தது ஒருவனுக்கு.

2

அய்மன் வரைந்த படங்களில் ஆட்களே இருக்கமாட்டார்கள். மருத மரம் இருக்கும், படித்துறை இருக்கும், படித்துறையில் கழற்றிவைத்த செருப்புகூட இருக்கும். செருப்புக்காரர் இருக்கமாட்டார்.

காரணம் அவனுடைய வாப்பா. அசன் மைதீன் வளைகுடாவில், தம்மாமில் டிரெய்லர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். அய்மன் பிறப்பதற்கு முன்பே போனவர். விடுப்பில் வந்தால் ஒன்றிரண்டு மாதம் இருப்பார், பிறகு போய்விடுவார். மகனுக்கு வாப்பா என்றால் பெரும்பாலும் போன் திரையில் தெரிகிற முகம்தான். நன்றாக வாரிய தலை, ஒதுக்கிவிட்ட தாடி, பின்னால் ஓர் இரும்புக் கட்டிலின் கம்பி. மகன் ஓவியம் படிக்கப் போகிறேன் என்றபோது அவர் தடுக்கவில்லை. "உருவம் மட்டும் வேண்டாம்லே. பூ, மரம், பள்ளிவாசல், எதுன்னாலும் வரை," என்று மட்டும் சொன்னார்.

அய்மன் அந்தப் பேச்சைக் காப்பாற்றினான். பாளையங்கோட்டையில் இருந்தது அவன் கல்லூரி. [அதைத் தேடிப் போகாதீர்கள். அவன் படித்தது வேறு ஊரில். பேட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வரட்டும் என்று நான்தான் இங்கே கொண்டுவந்து வைத்தேன்.] வகுப்பில் மனித உருவத்தைப் பார்த்து வரைகிற நேரத்தில், மாடல் உட்கார்ந்திருக்கும் முக்காலியை மட்டும் வரைந்து கொடுப்பான். ஆசிரியர் சிவசைலம் ஒருநாள் அவனுடைய படங்களையெல்லாம் வரிசையாகச் சாய்த்துவைத்துப் பார்த்தார்.

"ஊரக் காலி பண்ணிட்டுப் போன மாதிரில்லா இருக்கு," என்றார்.

[முதல் பிரதியில் சிவசைலத்தை ஒரு ஞானியாக எழுதியிருந்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று அய்மன் சிரித்தான். சொல்லிவிட்டு வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறார். ஞானியை அடித்துவிட்டேன்.]

ஆனால் அந்த வார்த்தை அய்மனுக்குள் கிடந்தது.

3

அவன் கடைசி வருடம் படிக்கும்போது அசன் மைதீன் தம்மாமில் வண்டியை நிறுத்தி இறங்கும்போது விழுந்தார். அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு சக்கர நாற்காலியில் வைத்துத் திருவனந்தபுரம் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். வலது பக்கம் முழுக்க விழுந்துபோயிருந்தது. பேச்சு இல்லை. சொல்வது எல்லாம் புரியும், காது கேட்கும். வாய் ஒரு பக்கமாக இழுத்து, வலது கண் பாதி மூடிக் கிடக்கும்.

அவர் வந்த அன்றே அய்மனுடைய உம்மா மைதீன் பாத்திமா, கட்டிலுக்கு எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடியின்மேல் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டார். ஜன்னல் வெளிச்சம் பட்டு அவங்களுக்குக் கண் கூசுது என்றார். அந்த ஜன்னலில் வெயில் அடிப்பதே கிடையாது. வீட்டிற்குப் பார்க்க வந்தவர்கள் அந்தச் சேலையைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல இருந்தார்கள்.

உம்மாவுக்கு இடுப்பு வலி, வாப்பாவைத் தூக்க முடியாது. அதனால் குளிப்பாட்டுகிற வேலை மகனுக்கு வந்தது. கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதில் உட்காரவைப்பான். முதல் நாட்களில் கைலியோடுதான் குளிப்பாட்டினான். நனைந்த கைலி காலைச் சுற்றிக்கொண்டு அவரை எழுப்பவே முடியாமல் போனபின், அதையும் அவிழ்த்துவிட்டான். சுற்றுச்சுவர் உயரம், யார் பார்க்கப்போகிறார்கள்.

அவன்தான் பார்த்தான். அந்த உடம்பை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. அவருடைய இடது கை, தோளிலிருந்து ஒரு சாண் கீழே தொடங்கி விரல்வரை கருத்துப்போயிருந்தது. அந்த நாட்டின் வண்டிகளில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அத்தனை வருடமும் அந்தக் கை ஜன்னலில் வெயிலில் கிடந்திருக்கிறது. வலது கை வெளுப்பாக இருந்தது. ஒரே மனிதருக்கு இரண்டு பேருடைய கைகள். இப்போது கருத்தது மட்டும் அசைந்தது. வெளுத்தது மடியில் செத்துக் கிடந்தது.

அதைப் பார்த்தபோது அழுகைதான் வந்திருக்க வேண்டும் அண்ணாச்சி, எனக்கு வரைய வேண்டும் என்றுதான் வந்தது என்றான் அய்மன்.

4

அவன் கேட்காமல் வரையவில்லை. இதை எழுதும்படி வற்புறுத்திச் சொன்னான். ஒரு காலையில் ஈரம் துவட்டிவிட்டு, "வாப்பா, ஒங்கள வரையட்டுமா?" என்று கேட்டிருக்கிறான்.

இந்த இடத்தில் நான் நிறையத் தாள்களைக் கிழித்தேன்.

ஒரு பிரதியில் அசன் மைதீன் கண்ணை மெல்ல மூடித் திறந்தார். சம்மதம். கதை அதோடு மென்மையாகிவிட்டது. அடித்தேன். இன்னொன்றில் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்; மகன் அதைப் பக்கவாட்டுத் தோற்றம் என்று எடுத்துக்கொண்டு பென்சிலைக் கையில் எடுத்தான். இது அய்மனைக் கல்நெஞ்சன் ஆக்கியது. அதையும் அடித்தேன். உண்மையில் என்னதான் செய்தார் என்று அவனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

பார்த்தார், அவ்வளவுதான் என்றான்.

கோபமாகவா என்றேன்.

"அண்ணாச்சி, பாதி முகந்தான் வேலை செஞ்சிது. கோவமா சிரிப்பான்னு நான் எதை வச்சிச் சொல்ல?"

அந்தப் பார்வையைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவன் வரைய ஆரம்பித்தான். நாள்தோறும் குளிப்பாட்டியதும் கொஞ்ச நேரம். உம்மாவிடம் கல்லூரி வேலை என்று சொன்னான். வரைய வரைய வாப்பாவை அவன் தெரிந்துகொண்டான். கழுத்தின் பின்னால் ஒரு மச்சம், முழங்காலில் தையல் போட்ட தழும்பு, கோபம் வந்தால் இடது கால் பெருவிரல் மட்டும் நிமிர்வது. வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஐந்து வயதில் தெரிந்திருக்கும். அந்த மாதங்களில்தான் தனக்கு ஒரு வாப்பா இருந்தார் என்றான். சொல்லிவிட்டு வெட்கப்பட்டவன்போல என் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

பிறகு அதை எண்ணெய் வண்ணத்தில் கித்தானில் போட்டான். கொல்லை, பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஈரத்தோடு அசன் மைதீன். உடம்பில் துணி கிடையாது. இழுத்துப்போன வாயோடு நேராக நம்மைப் பார்க்கிறார்.

சிவசைலம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று பஸ்ஸையும் விட்டுவிட்டார்.

5

கல்லூரியின் ஆண்டுக் கண்காட்சியில் அதை நடுச்சுவரில் மாட்டினார்கள். அய்மன் உம்மாவை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று சாக்குச் சொன்னான். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு உம்மா வந்துவிட்டார். பிள்ளையின் படத்தை நடுச்சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

[இங்கே மைதீன் பாத்திமா கத்துவதாக எழுதியிருந்தேன். கித்தானைக் கிழிப்பதாகவும். ஒரு கலைஞன், எதிரே ஒரு மூடத்தாய். எழுத எவ்வளவு சுலபம். என் பேனா அதற்குப் பழகியிருக்கிறது. நடந்தது வேறு.]

அவர் படத்தின் முன்னால் வந்து நின்று பார்த்தார். பிறகு திரும்பி, படத்துக்கு முதுகைக் காட்டி, அதை ஒட்டினாற்போல நின்றுகொண்டார். பர்தாவின் இரண்டு பக்கத்தையும் கையால் விரித்துப் பிடித்திருந்தார். பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் நகருங்கள் அம்மா என்றார்கள். நகரவில்லை. கூடம் காலியாகும்வரை அப்படியேதான் நின்றார். அய்மன் பக்கத்தில் போனபோது குரலை உயர்த்தாமல் பேசினார்.

"மவுத்தானவங்களக் குளிப்பாட்டும்போதுகூட மேல ஒரு துணி கெடக்கும்லே. உசுரோட இருக்கவங்கள நீ இப்படி உக்காரவச்சிட்ட."

வாப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் வரைந்தேன் என்றான்.

"அவங்க என்ன சொன்னாங்க?"

படத்தைக் கழற்றி, ஒரு போர்வையில் சுற்றி, ஆட்டோவில் இரண்டுபேரும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வழிநெடுக அவர் போர்வையின் நுனி விலகாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

6

சின்ன வீடு. படத்தை எங்கே வைப்பது என்று உம்மாவும் மகனும் தணிந்த குரலில் சண்டைபோட்டதை உள்ளே கட்டிலில் கிடந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். உம்மா போய், ஒன்றுமில்லை, பிள்ளையின் காலேஜ் சாமான் என்றார். அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. கை சிவந்துபோகும்வரை தட்டினார்.

அய்மன் படத்தைக் கொண்டுபோய்ப் போர்வையை விலக்கினான்.

இந்த இடத்துக்கு நான் மூன்று விதமாக யோசித்தேன். அவர் அழுதார். அவர் படத்தின்மேல் காறித் துப்பினார். தன்னை இவ்வளவு நேரம் யாரோ பார்த்திருக்கிறார்கள் என்ற மகிழ்ச்சியில் மகனின் கையைப் பிடித்தார். மூன்றாவதை நம்பவே எனக்கு ஆசை.

அசன் மைதீன் வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கித் தன் வாயின் வலது ஓரத்தைத் தொட்டார். அது இழுத்துக் கிடந்த இடத்தை விரலால் தடவினார். எதிரே அலமாரியைக் காட்டினார்.

உம்மா வேண்டாம் என்று தலையசைத்தார். அசன் மைதீன் காட்டிய விரலை இறக்கவில்லை.

சேலையை எடுத்தது உம்மாதான். ஊருக்கு வந்தபின் அசன் மைதீன் முதல்முறையாகக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். கண்ணாடியிலிருந்து படத்துக்கும் படத்திலிருந்து கண்ணாடிக்கும் கண் போய்வந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்ததும் கையைக் கீழே போட்டார். அன்றிலிருந்து முகம் சுவர்ப்பக்கம்தான். கஞ்சிக் கரண்டியை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். குளிப்பாட்ட மகன் வந்தால் கைலி முடிச்சை அந்தக் கருத்த கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பிரிக்க முடியவில்லை. கைலியோடுதான் தண்ணீர் ஊற்றினான்.

நோன்புக்கு முன்னால் மவுத்தானார்.

7

இரண்டாவது தடவையும் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். முதல் தடவை வந்தவர்களுக்கு அப்படி வருவது உண்டு என்றும் சொன்னார். அதை எழுதிவிட்டு, அய்மனிடம் படித்துக் காட்டினேன். படத்துக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை, டாக்டரே சொல்கிறார் பார் என்றேன். ஒரு கதாசிரியன் தன் பாத்திரத்துக்கு ஆறுதல் சொல்வது விசித்திரமாக இருந்தது. அவன் தலையை ஆட்டினான். நம்பவில்லை. அவன் நம்பியிருந்தால் என்னிடம் இதைச் சொல்லியிருக்கவே மாட்டான்.

அதன் பிறகு அவன் ஒரு முகமும் வரையவில்லை. பழைய தடையைச் சொன்னவர் போய்விட்டார். கைலி முடிச்சை இறுக்கிப் பிடித்துப் புதிய தடையைச் சொன்னவரும் அவரே. சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அந்தப் படத்தைக் கேட்கிறார்கள் என்று சிவசைலம் இரண்டு முறை போன் செய்தார். இரண்டாவது முறை அவன் எடுக்கவில்லை.

[கதையை இங்கே முடித்திருக்கலாம். கறாரான முடிவு. ஆனால் மைதீன் பாத்திமா முடிக்கவிடவில்லை.]

8

இத்தாவில் இருந்த உம்மா ஒருநாள் சாயங்காலம் அஸர் தொழுகை தொழுதுவிட்டு மகனைக் கூப்பிட்டார். கணவன் இறந்தபின் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கிற காலம் அது. அந்தப் படத்தைக் கொண்டுவா என்றார்.

கிழிக்கத்தான் என்று நினைத்தான். கிழித்தால் நல்லது என்றும் நினைத்தான். கொண்டுவந்து சுவரில் சாய்த்துவைத்தான். உம்மா தரையில் உட்கார்ந்து, தொடாமல் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மொகம் அவங்கதான்," என்றார். பின்னால் சாய்ந்து, "போன்ல இருக்கதெல்லாம் பழசு. வீட்டுக்கு வந்தபொறவு யாரும் ஒரு போட்டோ எடுக்கல. நானே எடுக்கவிடல," என்றார்.

அய்மன் நின்றுகொண்டே இருந்தான்.

"ஏலே, ஒரு சட்டை மட்டும் போட்டு விட்ரு. முழுக்கை. பெருநாளைக்குப் போடுவாங்கள்லா, அந்த வெள்ளை. கீழ ஒரு கைலி. போட்டாத்தான் என்னால பாக்க முடியும்."

சொல்லிவிட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். அய்மன் படத்தின்முன் உட்கார்ந்தான். வண்ணத் தட்டை எடுத்தான். வெள்ளை வண்ணத்தைப் பிதுக்கினான். இதுவரை அவன் சொன்னது. இதற்குமேல் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் என் வீட்டிலிருந்து இறங்கிப் போகும்போது விரல் நகத்தைப் பார்த்தேன். எல்லா நிறமும் இருந்தது.

வெள்ளையைத் தொட்டு இடது தோளில் முதல் கோட்டை—

தூரிகையைத் துடைத்துவைத்துவிட்டு எழுந்து போய், உம்மா, என்னால—

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ஒருவருக்கு அநியாயம் செய்கிறேன். முதலாவதில் யாருக்கு, இரண்டாவதில் யாருக்கு என்பது நாளுக்கு நாள் மாறுகிறது. எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால் முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும். மைதீன் பாத்திமா அடுத்த அறையில்தான் இருக்கிறார், கதவு திறந்திருக்கிறது. நீங்கள் என்ன செய்தாலும், செய்து முடித்ததும் அவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.