வேகாத பருப்பும் வெள்ளை வயிற்று நாரையும்

"பூடான் நாட்டு நாரைகள்ல பாதியை, ஒத்தை ஆளா, துப்பாக்கியே இல்லாம, மூணு விசில்ல நாடு கடத்தினவன் நான்."

வெங்கடாசலம் இப்படிச் சொன்னபோது ருக்மிணி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒருவரும் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. மகனோடு இருந்துவிட்டுப் போகலாமென்று அவர் அமெரிக்காவில் இருக்கும் பேர்லேண்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஊருக்கே அவரைத் தெரிந்துவிட்டது. டெக்சஸ் கொசு ஒன்று தன் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய், அளவு சரியில்லை என்று மறுநாள் திருப்பிக் கொடுத்ததாகப் போன சனிக்கிழமைதான் கோயில் வாசலில் சத்தியம் செய்திருந்தார்.

"அவர் சொன்னா கேட்டுக்கணும். நம்பக் கூடாது," என்றாள் ஜலஜா. முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்த ஒரு கதைக்கு மட்டும் கணவரை முந்திக்கொண்டு அவள் வைக்கிற முற்றுப்புள்ளி அது.

முற்றுப்புள்ளிக்கெல்லாம் அடங்குகிற மனிதரா அவர்? "எண்பத்தொன்பதுல, அணைக்கட்டு சர்வேக்குப் போயிருந்தோம். ஆத்தங்கரையில கேம்ப். அந்தத் தண்ணியில துவரம்பருப்பு வேகவே வேகாது. காலைல அடுப்புல வெச்சா சாயங்காலம் கூழாங்கல்லா எடுக்கலாம். அதுல பாலம் கட்டலாம்னு நானே ரிப்போர்ட் எழுதினேன். பதினோரு நாள் சாம்பார் இல்லை. பொறுக்க முடியாம குக்கரை வெச்சேன். முதல் விசில்ல எதிர்க்கரை பைன் மரத்துலேர்ந்து ஆள் உயர நாரை ஒண்ணு கிளம்பிச்சு. ரெண்டாவதுல கூட்டமே கிளம்பிச்சு. மூணாவது விசிலுக்கு மலையே ரெண்டடி தள்ளி உட்கார்ந்துச்சு."

"போன வாரம் பதினாறு நாரைன்னீங்க அங்கிள்," என்றாள் ருக்மிணி.

"அதுல பாதி முட்டைக்குள்ள இருந்துச்சும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். ஜலஜா எழுந்து, காலியாகாத ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

சிரிக்காத இன்னொருத்தி ருக்மிணியின் மகள் தீக்ஷா. பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறவள். வரும் வியாழக்கிழமை பூடானுக்கு விமானம் ஏறப் போகிறாள், அழிந்துகொண்டிருக்கும் நாரை ஒன்றை எண்ணுவதற்கு.

"வெயிட், அங்கிள். அதுக்கு வயிறு வெள்ளையா?"

"பால் மாதிரி."

தீக்ஷா உள்ளே ஓடி ஒரு வரைபடத்தையும் அச்சடித்த படிவத்தையும் கொண்டுவந்து தட்டுகளுக்கு நடுவே விரித்தாள். "சீரியஸா கேட்கறேன் அங்கிள். அந்த கன்ட்ரி ஃபுல்லா இப்ப முப்பதுகூட இல்ல. சேம் ஏரியாவுக்குத்தான் திரும்பி வந்து கூடு கட்டும். இந்த ஆத்துல கல்குவாரி வரப்போகுது. பழைய சர்வே ரிப்போர்ட்ல 'பறவைகள் ஏதும் இல்லை'ன்னு இருக்காம். ஒரு கூடு இருந்துச்சுன்னு தெரிஞ்சா குவாரியை நிறுத்தி வெக்கச் சொல்லலாம்."

"அந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டதே நான்தான்," என்றார் வெங்கடாசலம். இந்தத் தடவை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பூடானை வரைஞ்சதே நீங்கதானே அங்கிள்," என்றாள் ருக்மிணி. மறுபடி சிரிப்பு.

தீக்ஷா பேனாவைத் திறந்தவள் மூடினாள். சமையலறைப் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, நீங்களும் அங்க இருந்தீங்களா? கூடப் பார்த்தவங்க பேரும் எழுதணும். எங்களுக்குப் பன்னிரண்டு நாள்தான் டைம். நிஜம் இல்லன்னா அந்தப் பக்கம் போகவே மாட்டோம். வேற ஆத்துக்குப் போயிடுவோம்."

"எல்லாம் புளுகு," என்றாள் ஜலஜா. பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தீக்ஷா வரைபடத்தை மடிக்கத் தொடங்கினாள். வெங்கடாசலம் மனைவியைப் பார்த்தார். கொசுவை யானையாக்குகிற அந்த மனிதர், இந்தக் கதையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எங்கேயும் பெரிதாக்கியதில்லை, உள்ளபடி சொன்னதுகூட இல்லை: அன்றைக்கு அடுப்பை மூட்டியது யார் என்பதை.

அங்கே கேம்ப் காவலாளிக்குத் தமிழ் தெரியாது, ஜலஜாவுக்கு அவன் பாஷை தெரியாது. அவன் எதிர்க்கரை மரத்தைக் காட்டினான். இரண்டு உள்ளங்கையையும் குவித்து அதற்குள் எதையோ மூடி வைத்துக் காட்டினான். உதட்டில் விரல் வைத்தான். பிறகு பத்து விரலையும் விரித்தான். கூட்டில் முட்டை இருக்கிறது, பத்து நாள் சத்தம் போடாதே: ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். "என்னமோ உளர்றான்" என்று அவள் கணவரிடம் சொன்னாள். ஆறாம் நாள், அவர் ஆற்றை அளக்கப் போயிருந்த நேரத்தில், குக்கரை ஏற்றினாள். நாரை கிளம்பியதைப் பார்த்தாள். திரும்பி வந்துவிடும் என்று தாளித்தாள். வரவில்லை. சாயங்காலம் காக்கைதான் கூட்டுக்கு வந்தது. அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள், அழுதாள். மறுநாள் அவர் சர்வே ரிப்போர்ட்டில் 'பறவைகள் ஏதும் இல்லை' என்று எழுதினார். இதையெல்லாம்கூட அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. ஆனால் அன்றைய சாம்பார் அத்தனை நன்றாக இருந்தது. அவள் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

ஜலஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "தீக்ஷா, அதை மடிக்காதே."

வரைபடத்தில் நீலக்கோடு ஒன்றைப் பிடித்து விரலை மேலே நகர்த்தினாள். சிற்றாறு ஒன்று வந்து சேரும் முனையில் நிறுத்தினாள். "இங்க. கிழக்குக் கரை. சரிவுல தனியா நிக்கற பைன் மரம். நாரை ஒண்ணுதான், பதினாறெல்லாம் இல்ல. முட்டை எத்தனைன்னு தெரியாது. காக்கா ரெண்டு தடவை வந்துட்டுப் போச்சு."

"ஆன்ட்டி, நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள் ருக்மிணி. அவளோடு இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"குக்கரை வெச்சது நான்தான், தீக்ஷா," என்றார் வெங்கடாசலம் அவசரமாக. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"நீங்க சும்மா இருங்க."

ஜலஜா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தீக்ஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கூடப் பார்த்தவங்கன்னு போடாதே. ஜலஜா வெங்கடாசலம், அடுப்பை மூட்டினவள்னு எழுது. சத்தம் போடக் கூடாதுன்னு காவலாளி சொன்னது எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சுதான் வெச்சேன். இவர் சொல்றது நடந்துதும்மா."