குதிரையையும் சேர்த்து நாற்பத்து மூன்று

வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போடப்பட்ட பதினான்கு பேரும் ஒரு குதிரையும், ருஷ்ய நாவல் ஒன்றிலிருந்து கிளம்பி, தோளில் பனியோடு திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். வரவழைத்தது மேனேஜரின் அதிபுத்திசாலித்தனம்.

அந்த ஐந்து மாடி அலுவலகத்தில் லிஃப்ட் இயக்குகிறவளை எல்லாரும் லிஃப்ட் அக்கா என்பார்கள். கீழிருந்து மேலே போவதற்குள் ஒரு பக்கம் என்று, பதினொரு வருடமாக ருஷ்ய நாவல்களாகவே படித்துத் தள்ளியவள். ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் காதலித்து, கடவுளைத் திட்டி, அழுது, மன்னிப்பும் கேட்டுவிடுகிற அந்த மனிதர்கள் மீது அவளுக்குக் கொள்ளைப் பிரியம். ஒரே சங்கடம், அங்கே ஆளுக்கு மூன்று பெயர்: வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று, செல்லமாக ஒன்று. குழம்பாமலிருக்க எல்லாவற்றையும் பின்னட்டையில் எழுதி வைப்பாள். குதிரைக்கு மட்டும் ஒரே பெயர். ஆக நாற்பத்து மூன்று.

புது மேனேஜர் அந்தப் பட்டியலைப் பார்த்து, ரகசியமாகச் சங்கம் கட்டுகிறாள் என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

“யாரு இவங்கல்லாம்?”

“நாவல்ல வர்றவங்க சார். இன்னும் நூறு பக்கம் இருக்கு, குடுத்துடுங்க.”

“என்கிட்டயே கதை விடுறியா?”

சங்கத்தில் இருந்தால் ஊழியர்கள்தானே என்று நாற்பத்து மூன்று பெயரும் பதிவேட்டில் ஏறின; தினமும் ஆப்சென்ட் விழுந்தது. ஏன் வரவில்லை என்று விளக்கம் கேட்டு அறிவிப்புப் பலகையில் மெமோ ஒட்டினார்கள். நாவலில் இருமிக்கொண்டே இருந்த பள்ளிக்கூட டீச்சர் பிழைத்தாளா இல்லையா என்று தெரியாமல் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜர் ஏறினால் வேண்டுமென்றே மாடிக்கு மாடி நிறுத்தினாள்.

பன்னிரண்டாம் நாள்தான் அவர்கள் வந்தார்கள். ஆளுக்கு மூன்று கையெழுத்துப் போட்டார்கள். குதிரையை ஸ்கூட்டர்களுக்கு நடுவே கட்டினார்கள். வேலை செய்யாமல் டீ குடித்தார்கள், சண்டை போட்டார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். இதில் அழுகை மட்டும்தான் அந்த அலுவலகத்துக்குப் புதிது. பனி உருகிக் கோப்பெல்லாம் நனைந்தபோது மேனேஜர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா ஆவலாகப் படித்தாள். கிழட்டுக் கர்னல் செத்த பக்கம் வந்தது; மறுநாள் அவர் நாற்காலியில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் இருந்தது. அடுத்து குதிரை. மற்றவர்களும் கல்யாணம், சிறை, வெளியூர் என்று அத்தியாயத்துக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். டீச்சர் ஒருத்திதான் மிச்சம். தினமும் அக்காவின் பக்கத்தில் நின்று இருமிக்கொண்டே ஐந்தாம் மாடிக்குப் போவாள். முப்பது பக்கம் மீதியிருக்கும்போது அக்கா புத்தகத்தைப் படாரென்று மூடினாள்.

“இவ்ளோ எழுதத் தெரிஞ்ச மனுசனுக்கு ஒரு உசிர விட்டுவைக்கத் தெரியலயே, பாவி!”

முடித்துத் தொலை என்று மேனேஜர் லீவு கொடுத்துப் பார்த்தார். நாவல் படிக்க மறுத்ததற்காக மெமோவும் கொடுத்தார்.

“படிச்சாலும் மெமோ, படிக்கலன்னாலும் மெமோவா? ஒட்டுங்க சார் பலகையில. ஊரே பாக்கட்டும்!”

ஒன்பது வருடமாகிறது. மேனேஜர் ஓய்வு பெற்றுவிட்டார். அக்கா முதல் பக்கத்திலிருந்து மறுபடி மறுபடி படிக்கிறாள், கர்னல் சாகும் இடத்தில் ஒவ்வொரு முறையும் திட்டுகிறாள், முப்பது பக்கம் இருக்கையில் மூடி அதன் மேலேயே உட்கார்ந்துகொள்கிறாள். டீச்சர் தோளில் தினமும் புதுப் பனியோடு ஒன்பதே முக்காலுக்கு மூன்று கையெழுத்துப் போடுகிறாள். லிஃப்டில் ஏறுகிறவர்கள் வீட்டிலிருந்து ஸ்வெட்டர் கொண்டு வருகிறார்கள்.